பிள்ளை முதல் தடவை சொல்லும்போது

 

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. நம் பகுதியில் ஜூன் மாதம் என்றாலே இரண்டு பேச்சுதான். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, குறுவைக்கு நம் வாய்க்காலில் எப்போது வரும் என்பது ஒன்று. சீருடை, நோட்டு, வேன் கட்டணத்துக்கு என்ன வழி என்பது இன்னொன்று. எங்கள் அறக்கட்டளைக்குக் கல்வி உதவி மனுக்கள் வந்து குவிவதும் இந்த மாதத்தில்தான். பணமில்லாமல் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று எல்லோரும் ஓடியாடுகிறோம். ஆனால் கட்டணம் கட்டிய பிறகும் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகலாம் என்பதைக் கடந்த ஆண்டு நாங்கள் நேரில் பார்த்தோம். அதில் எங்கள் தவறும் இருந்தது. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் மக்தபில் நடந்தது

ஏழாம் வகுப்புப் பையன். அத்தா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாலை மக்தபுக்கும், அதன் பிறகு நடக்கும் ட்யூஷனுக்கும் ஒரு நாள் தவறாமல் வருவான். ஓதும்போது சில எழுத்துகளில் அவனுக்கு நாக்கு திக்கும். (குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறோம்.)

பெரிய பையன்கள் இரண்டு பேர் அவன் திக்குவதைப் போலவே ஓதிக் காட்ட ஆரம்பித்தார்கள். சில நாளில் அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. மக்தபில் வைத்த பெயர் பள்ளி வேனில் ஏறி வகுப்பறைக்குப் போனது. அவன் ஓதுவதை யாரோ கைபேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள்.

அவன் சொல்லாமல் இருக்கவில்லை. ஒரு நாள் அஸருக்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். "மாமா, எல்லாரும் என்னைய மாதிரியே பேசிக் காட்டுறாங்க" என்றான். நாங்கள் அப்போது உதவித்தொகைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். தலையை நிமிர்த்தாமலேயே, "வெளையாட்டுக்குத்தாம்பா பண்றாங்க, பெருசா எடுத்துக்காதே, போய் ஓது" என்றோம். பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் காலையில் எழுந்தாலே வயிற்றுவலி என்றான். டாக்டரிடம் காட்டினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். லீவு நாளில் மட்டும் வலி வருவதில்லை என்பதை முதலில் கவனித்தவர் அவனுடைய நன்னிதான். அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போகாமல் ஆகிவிட்டது. கட்டணம் கட்டியும் ஏன் அனுப்பவில்லை என்று கேட்கத்தான் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். நன்னி எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, "புள்ள உங்ககிட்டதானே மொதல்ல சொல்லியிருக்கான்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

குர்ஆனைத் திக்கித் திக்கிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் இருக்கிறது. எங்கள் மக்தபில் அது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஹதீஸ்தான். இரண்டு கூலிக்கு உரிய பிள்ளையை அதே பாயில் உட்கார்ந்துகொண்டு கேலி செய்தார்கள். பெரியவர்களான நாங்கள் அதை விளையாட்டு என்றோம்.

விளையாட்டு எது, கொடுமை எது?

பிள்ளைகள் என்றால் ஒருவரை ஒருவர் கேலி செய்யத்தான் செய்வார்கள், இதையெல்லாம் பெரிதாக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. நார்வே நாட்டு அறிஞர் டான் ஓல்வியூஸ் இந்தத் துறையில் முன்னோடி. 1983-ல் அந்நாட்டுப் பள்ளிகளில் இதைத் தடுக்கும் திட்டத்தைத் தொடங்கியவர். அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது விளையாட்டு அல்ல. வயதில் மூத்தவன் இளையவனிடம் செய்வது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை ஒதுக்கி வைப்பதும், யாரும் அவனோடு பேசக்கூடாது என்று கட்டுப்பாடு போடுவதும், பெண்பிள்ளைகளின் படத்தை வைத்துக் குழுவில் கிண்டல் செய்வதும் இதில் சேரும்.

வீட்டில் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இன்னும் எளிதாகச் சொல்லலாம். விளையாட்டு என்றால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை என்றால் அங்கே விளையாட்டு முடிந்துவிட்டது.

நம் மார்க்கத்தில் இதற்குத் தனியாக விளக்கம் தேட வேண்டியதில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனத்தில் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதும், குத்திக்காட்டுவதும், பட்டப்பெயர் வைத்து அழைப்பதும் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆண்களுக்குச் சொன்னதோடு நிறுத்தாமல் பெண்களுக்கும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கேலி செய்யப்படுகிறவர் கேலி செய்கிறவரைவிட மேலானவராக இருக்கலாம் என்று காரணமும் கூறப்பட்டிருக்கிறது. ஆனால் நம் தெருக்களில் பட்டப்பெயர் இல்லாத வீடு உண்டா? குண்டன், கருப்பன், நொண்டி, சோடாபுட்டி என்று பிள்ளைகளை முதலில் கூப்பிடுவது பெரும்பாலும் வீட்டார்தான். சாச்சாவும் மாமாவும் செல்லமாக வைத்த பெயர்தான் வெளியே போய் முள்ளாகிறது.

பிள்ளையின் உடலிலும் மனதிலும் நடப்பது

2019-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஏறக்குறைய மூன்று மாணவர்களில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையாவது சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார். பிள்ளைகள் சொன்ன காரணங்களில் முதலிடம் உருவத் தோற்றத்துக்குத்தான். அப்படிப்பட்ட பிள்ளைகள் அடிக்கடி பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடுவதும், கவலையில் தூக்கம் வராமல் தவிப்பதும், தனிமையில் வாடுவதும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம்.

சின்னப் பிள்ளைக்கு மனவலியைச் சொல்லத் தெரியாது. அது வயிற்றுவலியாக, தலைவலியாக வரும். நடிப்பு என்று நினைத்து அடிக்காதீர்கள். பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கிறது. பயத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாடமும் மனதில் பதியாது. பக்கத்து பெஞ்சில் இருப்பவன் என்ன செய்யப்போகிறான் என்ற நினைப்பிலேயே முப்பத்தைந்து நாற்பது நிமிட வகுப்பும் போய்விடும். மார்க் குறைந்ததும் நாம் ட்யூஷன் மாற்றுகிறோம்.

கொடுமை செய்கிற பிள்ளைக்கும் இது கெடுதல்தான். பலவீனமானவரை மிரட்டினால் காரியம் நடக்கும் என்று பத்து வயதில் கற்றுக்கொண்டவன், அதை இருபத்தைந்து வயதில் மனைவியிடமும் வேலைக்காரரிடமும் காட்டுவான்.

நம் மாநிலம் கற்ற இரண்டு பாடங்கள்

கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரம். 1996 நவம்பரில், அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த பொன் நாவரசு என்ற மாணவர் ராகிங்கில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அன்றைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவ்வளவு படித்த, செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி. கடலூர் செஷன்ஸ் நீதிமன்றம் 1998-ல் குற்றவாளிக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. மகனை இழந்த குடும்பம் நீதிக்காகக் காத்திருந்தது பதினான்கு ஆண்டுகளுக்கு மேல்.

அந்தச் சம்பவத்தால்தான் தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு கல்லூரியிலும் சேர முடியாது. பெற்றோர் கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் ராகிங் என்று எதைச் சொல்கிறது என்பதை. அடிப்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு மாணவருக்குப் பயம், வெட்கம், கூச்சம் உண்டாக்கும் செயலையும், கேலியையும், குறும்பு என்ற பெயரில் செய்வதையும் சேர்த்தே சொல்கிறது. நாம் 'சும்மா விளையாட்டு' என்று தள்ளுவதைச் சட்டம் குற்றம் என்கிறது.

இரண்டாவது சம்பவம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவர், ஆதிக்க சாதியைச் சேர்ந்த சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு, 2023 ஆகஸ்ட் 9 இரவு, வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, பள்ளிகளின் பெயரில் உள்ள சாதியை நீக்குவது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டத் தடை விதிப்பது எனப் பல பரிந்துரைகளைச் செய்தது. அந்த மாணவர் கைகளில் காயத்தோடு சிகிச்சையில் இருந்தபடியே பொதுத்தேர்வு எழுதி 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார்.

இந்தச் சம்பவத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளையைச் சொல்ல வைப்பதோடு நம் வேலை முடிவதில்லை. சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். அன்றிலிருந்து அவன் நம் அமானிதம்.

முதல் தடவை சொல்லும்போது செய்ய வேண்டியவை

பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு தடவைதான் சொல்கிறார்கள். அதையும் நேராகச் சொல்வதில்லை. "வேன் வேணாம், சைக்கிள்ல போறேன்" என்பதும் "வேற ஸ்கூல்ல சேத்து விடுங்க" என்பதும்கூட அந்த முதல் தடவையாக இருக்கலாம்.

1. கையில் இருக்கும் வேலையை நிறுத்துங்கள். கைபேசியைக் கீழே வையுங்கள். முழுவதும் கேளுங்கள். நாங்கள் தவறியது இந்த இடத்தில்தான்.

2. "நீ என்ன செஞ்சே?" என்று தொடங்காதீர்கள். "நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே" என்றும் சொல்லாதீர்கள். அடிக்க முடிந்தவனாக இருந்தால் அவன் நம்மிடம் வந்திருக்க மாட்டான். "சொன்னது நல்லதாப் போச்சு. இது உன் தப்பு இல்லை. இனி நாங்க பாத்துக்கிறோம்" என்ற மூன்று வாக்கியம் போதும்.

3. யார், எங்கே, எப்போது, யார் பார்த்தார்கள் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். கைபேசியில் வந்த படம், குரல் பதிவு எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அது சாட்சி.

4. அந்தப் பையன் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடாதீர்கள். பிள்ளைகளின் சண்டை இரண்டு குடும்பச் சண்டையாகி, பள்ளிவாசல் வரை வந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். பிறகு தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

5. புகார் கொடுத்த நாளிலிருந்து பிள்ளை யாரோடு போகிறான், யார் பக்கத்தில் உட்காருகிறான், இடைவேளையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆசிரியரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் மறுபடி கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்களுக்கு ஒரு வார்த்தை. வீடியோ காலில் "மார்க் எவ்வளவு, சேட்டை பண்றியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். இனி "இன்னைக்கு யாரோட சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து நாலு நாள் "யாரோடயும் இல்ல" என்று பதில் வந்தால், ஊரில் உள்ள ஒருவரை அன்றே பள்ளிக்கு அனுப்புங்கள். அத்தா பக்கத்தில் இல்லை, கேட்க ஆளில்லை என்று தெரிந்த பிள்ளையைத்தான் மற்றவர்கள் எளிதில் குறி வைக்கிறார்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்

கேலி செய்கிறவன் தனியாகச் செய்வதில்லை. சிரிக்க நாலு பேர் வேண்டும். கனடாவில் பள்ளி மைதானங்களைக் கவனித்து ஆராய்ந்தவர்கள் 2001-ல் ஓர் உண்மையைக் கண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்தே வினாடிக்குள் அந்தத் தொல்லை நின்றுவிட்டது. பின்லாந்து நாட்டில் 'கிவா' என்ற பள்ளித் திட்டமே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பழக்குவதை மையமாக வைத்து நடக்கிறது.

உன் சகோதரன் அநீதி செய்தாலும், அநீதிக்கு ஆளானாலும் அவனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அநீதி செய்கிறவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனைத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று பதில் கிடைத்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். சிரிக்காமல் இருக்கலாம். "விடுடா, போதும்" என்று சொல்லலாம். ஒதுக்கப்பட்டவன் பக்கத்தில் போய் உட்காரலாம். ஆசிரியரிடம் சொல்லலாம். அது கோள் சொல்வது ஆகாது.

நம் பிள்ளையே செய்திருந்தால்?

"எம்புள்ள அப்படிப் பண்ணமாட்டான்" என்பதுதான் நம் எல்லோர் வாயிலும் முதலில் வரும். அபூதர் (ரலி) அவர்கள் எவ்வளவு பெரிய நபித்தோழர்! அவர்களே ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூதர் (ரலி) அதை ஏற்றுத் திருந்தினார்கள். அப்படியிருக்க, நம் பிள்ளையைக் கண்டித்தால் நமக்கு என்ன கெளரவக் குறைவு?

நம் பிள்ளைகளை மதத்தைச் சொல்லி யாராவது சீண்டினால் நமக்கு நெஞ்சு எரிகிறது. எரியத்தான் வேண்டும். அதே நம் பிள்ளை வகுப்பில் இன்னொரு பிள்ளையைச் சாதியைச் சொல்லியோ, அவன் குடியிருக்கும் தெருவைச் சொல்லியோ, நிறத்தைச் சொல்லியோ சீண்டினால் அதே எரிச்சல் நமக்கு வர வேண்டும்.

எங்கள் மக்தபில் கேலியைத் தொடங்கிய பையனை நீக்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். விசாரித்தபோது, அவன் வீட்டில் தினமும் அடி வாங்குகிறவன் என்று தெரிந்தது. அவனை நீக்கவில்லை. அவனையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசினோம். அந்தக் குரல் பதிவைக் குழுவிலிருந்து அழிக்கச் செய்தோம். திக்கிப் பேசிய பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். ஊரார் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்தவில்லை. ஒரு பிள்ளையின் அவமானத்துக்கு இன்னொரு பிள்ளையின் அவமானம் மருந்தாகாது.

புகார் எங்கே சொல்வது?

பள்ளியில் தீராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் பேசலாம். ஆபத்தில் உள்ள பிள்ளைகளுக்கு எந்த நேரமும் 1098. கைபேசி, இணையம் வழியாக மிரட்டி ஏமாற்றினால் 1930. கல்லூரி ராகிங்குக்கு 1800-180-5522. அரசுப் பள்ளிகளில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' பெட்டியில் பிள்ளைகளே எழுதிப் போடலாம். ஆசிரியரே அடித்தாலும், மனம் நோகத் துன்புறுத்தினாலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. பிள்ளை உயிரை விடுவதுபோல் ஒரு வார்த்தை பேசினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். 104-ல் பேசுங்கள், அல்லது உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

எங்கள் பக்கத்தில் செய்திருக்கும் மாற்றம்

மக்தபில் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்தியிருக்கிறோம். உஸ்தாதுமார்களுக்கும் இது பொருந்தும். பிரம்பை எடுத்துவிட்டோம். ஓதும் நேரத்தில் கைபேசிக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அஸருக்குப் பிறகு எங்களில் ஒருவர் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். எந்தப் பிள்ளையும் வந்து பேசலாம். பெண்பிள்ளைகளுக்கு ஆலிமா ஒருவர் இருப்பார். முதல் சில வாரம் யாரும் வரவில்லை. இப்போது வருகிறார்கள். பாதிப் பேர் வேறு ஏதோ பேசிவிட்டுப் போகிறார்கள். அதுவும் நல்லதுதான். கேட்க ஆள் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

அந்தப் பையன் வேறு பள்ளியில் எட்டாம் வகுப்பு சேர்ந்திருக்கிறான். மக்தபுக்கும் வருகிறான். வகுப்பில் சத்தமாக ஓத இன்னும் சம்மதிப்பதில்லை. எல்லோரும் போன பிறகு ஹஜ்ரத் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஓதிக் காட்டுகிறான். ஹஜ்ரத் அவசரப்படுத்துவதில்லை.

கூடுமான வரை இந்தக் கட்டுரையை இன்று இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். யாராவது ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கேளுங்கள்.

நம் பிள்ளைகளின் நாவையும் நம் நாவையும் பிறரைப் புண்படுத்துவதிலிருந்து வல்ல அல்லாஹ் காப்பாற்றுவானாக. நம்மை நம்பி வந்து சொல்லும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்கும் செவியையும் மனத்தையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.